வாசகர் நம்ப மறுக்கிறாரா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

கட்டுரை எழுதுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “எழுதியதெல்லாம் உண்மை. ஆனாலும் படித்தவர்கள் நம்பவில்லை.” ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் திருத்தும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளூர் வரலாறு, வேளாண்மை, உடல்நலம், நீர்நிலைகள் என்று கதையல்லாத எழுத்துதான் என் கைக்கு வருவது. உண்மையைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலை. அது உண்மை என்று வாசகருக்குப் புலப்படும்படி எழுதுவது வேறொரு வேலை. முதல் வேலையை அரும்பாடுபட்டு முடித்துவிட்டு இரண்டாவதில் கோட்டைவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. பதில் கிடைத்துக்கொண்டே இருந்தால் உங்களோடு நடந்து வருவார். கீழே சொல்லும் கோளாறுகள் எல்லாமே அந்தப் பதில் எந்த இடத்தில் அறுந்துபோனது என்பதைப் பற்றியவை. உங்கள் கட்டுரைக்குப் பொருந்தும் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

அறிகுறி: முதல் பத்தியைத் தாண்டி யாரும் வருவதில்லை

முதல் பத்தியை எடுத்து அதில் உங்களைப் பற்றி எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பட்டம், பதவி, வாங்கிய விருது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று மூன்று வரிக்கு மேல் போயிருந்தால் கோளாறு அங்கேதான்.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பிரசவ வார்டைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டுவந்தார். முதல் பக்கம் முழுக்கத் தன் பணிக்காலத்தையும் பாராட்டுச் சான்றிதழ்களையும் எழுதியிருந்தார். நான்காவது பக்கத்தில், போகிற போக்கில், இப்படி ஒரு வரி: “துணியை முதலில் தராசில் போட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் குழந்தையைக் கிடத்துவோம், துணியோடு சேர்த்து நிறுத்துவிட்டால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை கணக்கில் தப்பிவிடும்.” அந்த வரியைப் படித்த கணத்தில் அவர் சொல்லும் எதையும் கேட்க நான் தயாராகிவிட்டேன். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். ஒரு துணியின் எடை அந்தக் கவனிப்பைத் தட்டிப் பறித்துவிடும் என்பது கையால் செய்தவருக்குத்தான் தெரியும். அந்த வரியை முதல் பத்திக்குக் கொண்டுபோனோம். சான்றிதழ்கள் எல்லாம் போயின. “பிரசவ வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன்” என்ற ஒரு வாக்கியம் மட்டும் எஞ்சியது.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது. நன்னூலின் முன்னுரையான பாயிரம் அதைச் சொல்லிவிட்டு நான்கு விலக்குகளையும் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கில் இரண்டாவதுதான் நமக்கு உதவுவது. வாசகருக்கு உங்களைத் தெரியாது, ஆகவே ஒரு முறை சொல்லலாம். அதையும் தொடக்கத்தில் கொட்டாமல், எந்தச் செய்தியை ஏற்க வாசகருக்கு உங்கள் தகுதி தெரிந்தாக வேண்டுமோ அந்தச் செய்திக்குப் பக்கத்தில் வையுங்கள். மற்ற புகழை வேறொருவர் சொல்லட்டும். சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும் என்று வைத்தார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதியவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒருசாலையில் படித்தவர் என்பது மரபு.

அறிகுறி: “யார் சொன்னது?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

நான் அதிகம் காணும் கோளாறு இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சோதனை எளிது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கட்டுரையில் “கூறப்படுகிறது”, “நம்பப்படுகிறது”, “கருதப்படுகிறது”, “சொல்லப்படுவதுண்டு”, “ஆய்வுகள் தெரிவிக்கின்றன”, “அறிஞர்கள் கருத்து” ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று வட்டத்துக்கு மேல் விழுந்தால் உங்கள் கட்டுரையில் ஆள் நடமாட்டமே இல்லை என்று பொருள். எல்லாம் தானாகக் கூறப்படுகிறது, தானாக நம்பப்படுகிறது.

“இந்த ஏரி சோழர் காலத்தில் வெட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது ஒன்று. மதகின் தூணில் நீங்களே கல்வெட்டைப் பார்த்தது இன்னொன்று. எங்கோ படித்த கட்டுரையில் இருந்தது மூன்றாவது. மூன்றின் எடையும் ஒன்றல்ல. நீங்கள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டீர்கள். வாசகர் உறையைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே மூன்றில் மிகவும் பலவீனமானதாகவே எடுத்துக்கொள்வார். கல்வெட்டைக் கண்ணால் கண்டவரும் காற்றுவாக்கில் கேட்டவர் ஆகிவிடுகிறார்.

சரிசெய்யும் வழி, வட்டமிட்ட ஒவ்வோர் இடத்திலும் ஆளையும் இடத்தையும் திரும்ப வைப்பது. “ஏரிக்கரையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் இது சோழர் வெட்டியது என்கிறார், அவருடைய தாத்தா சொல்லக் கேட்டதாம்.” “தெற்கு மதகின் தூணில் எழுத்துகள் இருக்கின்றன. பாதி சுண்ணாம்பில் மறைந்திருக்கிறது, படிக்க முடிந்தது இரண்டு வரி.” இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் சோழர் என்றே சொல்லவில்லை, பாருங்கள். இருந்தும் வாசகர் உங்களை முன்பைவிட அதிகமாக நம்புவார். நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள், எது தெரிந்தது, எது மறைந்திருந்தது என்று அவரால் பார்க்க முடிகிறது.

இந்த வேலைக்குத் தமிழ் நமக்கு நல்ல கருவிகளைத் தந்திருக்கிறது. “வந்தார்” என்பதற்கும் “வந்தாராம்” என்பதற்கும் உள்ள தூரம் ஓர் எழுத்துதான். ஆனால் கண்டதையும் கேட்டதையும் அது பிரித்துவிடுகிறது. “போலும்” ஊகத்தைக் காட்டுகிறது. தொல்காப்பியர் முன்னோரிடமிருந்து பெற்ற விதியைச் சொல்லும்போது “என்மனார் புலவர்” என்றும் “என்ப” என்றும் முடிக்கிறார். விதி தன்னுடையது மட்டும் அல்ல, வழிவழியாக வந்தது என்பதை நூற்பாவுக்குள்ளேயே பதித்துவிடுகிறார். அத்தனை இறுக்கமான நூற்பாவில் அதற்கு இடம் இருந்தது என்றால் நம் உரைநடையில் இல்லாமல் போகாது. கண்டேன், கேட்டேன், படித்தேன், ஊகிக்கிறேன் என்ற நான்கையும் கலக்காமல் எழுதிப் பழகுங்கள். இதைச் செய்தாலே பாதிக் கட்டுரைகள் தேறிவிடும் என்பது என் அனுபவம்.

அறிகுறி: ஒரே ஒரு வரியைக் காட்டி முழுக் கட்டுரையையும் ஒதுக்குகிறார்கள்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை. மூன்று நாள் கோயிலிலேயே இருந்து, கல்வெட்டுகளின் அச்சுப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒப்பிட்டுப் படித்து எழுதியது. இடையில் ஒரு வரி: “விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உலகம் வியக்கும் அதிசயம்.” நிராகரித்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மாலையில் அந்த நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நிழல் விழாது என்றால், கல்வெட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் எப்படி நம்புவார்கள்?

“உச்சிப்பொழுதில் விழாது என்ற பொருளில் எழுதினேன்” என்றார். அதையும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் தெற்கே 23.4 பாகைக்குப் போய்விடுகிறது. ஆக அந்த நாட்களில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தலைக்கு நேரே இல்லை; தெற்கே 34 பாகை சாய்ந்து நிற்கிறது. விமானத்தின் உயரத்தைப் பலர் 216 அடி என்கிறார்கள், சிலர் சுமார் 60 மீட்டர் என்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரத்தின் நிழல் வடக்கே 40 மீட்டர் போகும். விமானத்தின் அடித்தளம் பக்கத்துக்கு 30 மீட்டர் என்றால் நடுவிலிருந்து விளிம்புவரை 15. மீதி 25 மீட்டர் நிழல் வடக்குப் பக்கத்துத் தரையில்தான் கிடக்க வேண்டும். மார்கழியில் பன்னிரண்டு மணிக்குப் போகிற எவரும் அதைக் காணலாம். ஏப்ரல் நடுப்பகுதியைத் தாண்டிச் சில நாட்களிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் தஞ்சைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது நிமிர்ந்து நிற்கும் எதற்கும் உச்சிப்பொழுதில் நிழல் நீளாது, விளக்குக் கம்பத்துக்கும் அப்படித்தான். கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது என் ஊகம்.

கட்டுரையாளர் அந்த வரியை எடுத்துவிட்டு இந்தக் கணக்கைச் சேர்த்தார். அதன் பிறகு அந்தப் பத்திதான் கட்டுரையிலேயே அதிகம் பேசப்பட்டது.

உங்கள் கட்டுரையில் இப்படிப்பட்ட வரி எங்கே இருக்கும்? உங்களுக்கு மிகவும் பிடித்த வரியைப் பாருங்கள். யாரிடமும் சொன்னால் “அப்படியா!” என்று கண் விரிப்பார்களே, அந்த வரி. நமக்குப் பிடித்ததை நாம் சோதிப்பதில்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியுமா, கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா, மூலத்தைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுகூட முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வலிக்கும். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: பொதுவாசகர் பாராட்டுகிறார், அந்தத் தொழிலில் இருப்பவர் முகம் சுளிக்கிறார்

இந்தக் கோளாறு எனக்கே நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியைப் பற்றி எழுதினேன். “கலிங்கைத் திறந்ததும் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்தது” என்பது அதில் ஒரு வாக்கியம். இதழ் வெளிவந்து ஒரு வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் அந்த ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ள விவசாயி. “ஐயா, கலிங்கு திறப்பதற்கு உள்ளது அல்ல. ஏரி நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறுவதற்குக் கட்டியது. வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. நீங்கள் கரைமேல் நடந்ததே இல்லை என்று தெரிகிறது.”

நான் நடந்திருந்தேன். இரண்டு நாள், காலையிலும் மாலையிலும், கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்திருந்தேன். மதகையும் பார்த்தேன், கலிங்கையும் பார்த்தேன். பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல் பிசகியதில் இரண்டு நாள் நடையும் இல்லாமல் போய்விட்டது. அவர் எழுதியதில் தவறே கிடையாது. கட்டுரையை வைத்துத்தானே அவர் என்னை அறிய முடியும்?

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் அதைச் செய்கிறவரிடம் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி “இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். அகராதிச் சொல்லை அதற்குப் பதிலாகப் போட மாட்டேன். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவரை ஓர் ஊரில் நீர்ப்பாய்ச்சி என்பார்கள், இன்னோர் ஊரில் நீர்க்கட்டி என்பார்கள். நான் எழுதுவது எந்த ஊரோ அந்த ஊர்ச் சொல்லே நிற்கும். எழுதி முடித்ததும் தொழில் சம்பந்தப்பட்ட பத்திகளை மட்டும் அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவேன். முழுக் கட்டுரையையும் காட்ட வேண்டியதில்லை. “மதகுக் கட்டையைத் தூக்கி” என்று நான் படிக்கும்போது மறுமுனையில் ஒரு தயக்கம் கேட்டால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. புதிதாகக் கற்ற தொழிற்சொற்களை ஒரே பத்தியில் பத்து அடுக்கிவிட்டால் பொதுவாசகர் வெளியே நின்றுவிடுவார், தொழில்காரரும் இவர் நேற்றுத்தான் கற்றிருக்கிறார் என்று கண்டுகொள்வார். தேவைப்படும் இடத்தில் ஒரு சொல், அது என்ன வேலை செய்கிறது என்பதை அந்த வாக்கியத்திலேயே காட்டினால் போதும்: “மழை நின்ற மூன்றாம் நாளும் கலிங்கு வழிந்துகொண்டிருந்தது, ஏரி ததும்புகிறது என்று ஊருக்கே அந்தச் சத்தத்தில் தெரிந்தது.”

அறிகுறி: ஆண்டுகளையும் எண்களையும் கேள்வி கேட்கிறார்கள்

குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது. பழைய பத்திரத்தில் “விபவ வருடம்” என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அந்தப் பெயர் 1868இலும் தொடங்கும், 1928இலும் தொடங்கும், 1988இலும் தொடங்கும். எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அறுபது ஆண்டு பிழைக்கு வாய்ப்பு இருக்கிறது. தாளின் முத்திரை, சாட்சிகளில் ஒருவர் இறந்த ஆண்டு, குறிப்பிட்டிருக்கும் நாணயம் என்று எதையாவது வைத்துத்தானே தீர்மானித்திருப்பீர்கள்? அதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு பொறி: தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் மார்கழியின் பிற்பாதியும் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகின்றன. உ.வே.சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருடம் மாசி மாதம். ஆனந்த வருடம் 1854 ஏப்ரலில் தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டு அவர் 1854இல் பிறந்தார் என்று எழுதினால் பிழை. மாசி என்பதால் அது 1855 பிப்ரவரி.

நிலக்கணக்கில் மா, வேலி, ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் கலந்து வந்தால் ஏதாவது ஒன்றில் நிலைத்து நில்லுங்கள், மூலத்தில் இருந்த அலகையும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அறிகுறி: “மிகைப்படுத்துகிறார்” என்கிறார்கள்

உலகிலேயே முதன்முதலாக, வரலாறு காணாத, ஈடு இணையற்ற. மூன்றையும் நீக்கிவிட்டு அந்த வாக்கியம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எஞ்சவில்லை என்றால் அங்கே செய்தியே இருக்கவில்லை. செய்தி எஞ்சினால் அது தன் காலிலேயே நிற்கும். இந்த அறிகுறிக்கு இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அறிகுறி: ஏற்கெனவே நம்பியவர்கள் மட்டும் கைதட்டுகிறார்கள்

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் திட்டுகிறார்கள், நடுவில் இருப்பவர்கள் பேசாமல் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். கட்டுரையில் எதிர்த்தரப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். முட்டாளாகவோ கெட்டவராகவோ வந்தால் இந்த நிலைதான் ஏற்படும்.

நன்னூல் ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தோடு கொள்ளக்கூடிய நிலைகளை ஏழு மதம் என்று வகுக்கிறது. உடன்படுவதும் மறுப்பதும் அதில் முதல் இரண்டு. மூன்றாவது, பிறருடைய கருத்தை முதலில் ஏற்று நின்று, பிறகு அதைக் களைவது. மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் நடுவில் இருப்பவரை உங்கள் பக்கம் கொண்டுவருவது அதுதான்.

இயற்கை வேளாண்மையில் ஊறிய ஒருவர் யூரியாவை விஷம் என்றே நாற்பது இடத்தில் எழுதியிருந்தார். அவர் யாரை மாற்ற விரும்பினாரோ அந்த விவசாயி வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறது. அவர் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த மகசூலில்தான். அவரை விஷம் வைத்தவர் ஆக்கிவிட்டு அவரிடம் எதைச் சொல்ல முடியும்? திருத்தி எழுதியபோது இப்படித் தொடங்கினார்: யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது, போட்ட சில நாட்களில் பயிர் கரும்பச்சையாக எழுந்து நிற்கிறது, கண்ணெதிரே பலன் தெரிவதால்தான் விவசாயி அதை நம்புகிறார். இந்த மூன்றையும் ஒத்துக்கொண்ட பிறகு, அந்தக் கரும்பச்சைக்கு வரும் விலையைச் சொன்னார். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு இளசாகிக் கதிர் முற்றும்போது பயிர் சாய்கிறது, குலைநோய்க்கு இடம் கிடைக்கிறது, தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகுகிறது. புகையானால் வட்ட வட்டமாகக் காய்ந்த வயலைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

பழைய உரைகாரர்கள் தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் எடுத்துச் சொல்லி “என்பாரும் உளர்” என்று குறித்துவிட்டுப் போவார்கள். மாற்று உரையை மறைக்கவில்லை என்ற ஒன்றே அவர்களுடைய சொந்த உரைக்குப் பலம் சேர்க்கிறது.

அறிகுறி: “இது வேறெங்கோ படித்தது போல இருக்கிறதே”

பெரும்பாலும் திருட்டு அல்ல, சோம்பல். யாரிடமிருந்து எடுத்தோம் என்று எழுதினால் நம் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டுப் பொருள்களில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து நிற்பது “வழி”. இந்த நூல் எதன் வழியாக வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று விதியே வைத்தார்கள். பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டச் சொன்ன வாசகம் பலருக்கும் தெரிந்திருக்கும்: நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக. கொடுத்தவர் எல்லோருடைய பெயரும் ஏறிய அந்தச் சுவரைப் படித்துத்தான், இது கரிகாலன் கட்டியது என்ற தலபுராணக் கதையை விலக்கி, கட்டியவன் ராஜராஜன் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஸ் உறுதிசெய்ய முடிந்தது. பிறர் பங்கைக் குறித்த கல்லே அரசனுக்கும் சாட்சி சொன்னது.

அறிகுறி: பிழை வெளிப்பட்டுவிட்டது

அஞ்சலட்டை வந்த அன்று எனக்கு முதலில் தோன்றியது, அதை அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம் என்பதுதான். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த விவசாயிக்கு உண்மை தெரிந்திருக்கும்; கலிங்குக்கும் மதகுக்கும் எழுத்தில் ஒற்றுமையே கிடையாது. அடுத்த இதழில் இப்படிப் போட்டோம்: “சென்ற இதழின் ஏரிக் கட்டுரையில் கலிங்கைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டதாக எழுதியது பிழை. தண்ணீர் விடுவது மதகு வழியாக. கலிங்கு, மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடம். சுட்டிக்காட்டியவர் அந்த ஆயக்கட்டின் விவசாயி ஒருவர். அவருக்கு நன்றி.”

என்ன எழுதினோம், எது சரி, யார் சொன்னார்கள். திருத்தத்துக்கு இந்த மூன்றும் வேண்டும். கட்டுரை எவ்வளவு எடுப்பான இடத்தில் வந்ததோ ஏறக்குறைய அதே இடத்தில் திருத்தமும் வர வேண்டும். பழைய பிரதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு நகர்வது, “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று எழுதுவது இரண்டும் நிலைமையை மேலும் கெடுக்கும். மனம் புண்பட்டதைப் பற்றி அவர் பேசவே இல்லை, மதகைப் பற்றித்தான் பேசினார். இரண்டு மாதம் கழித்து அதே கையெழுத்தில் இன்னோர் அட்டை வந்தது: அவர் ஊரில் ஏரிக்குள் கட்டிய பழங்கால மதகான குமிழித் தூம்பு ஒன்று இருக்கிறதாம், பார்க்க வர முடியுமா என்று கேட்டிருந்தார். போனேன்.

அறிகுறி: மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் கட்டுரை நிற்கவில்லை

இது கடைசிக் கோளாறு; எழுத்தில் சரிசெய்ய முடியாதது. விஷயம் உங்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியவில்லை. எத்தனை வாக்கியத்தை மாற்றி அமைத்தாலும் வாசகருக்கு அது தெரிந்துவிடும்.

1880இல் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா., அங்கே முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். சைன காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். படித்ததில்லை. அந்தச் சந்திப்பில் தனக்குத் தெரியாமல் இருந்ததைப் பின்னாளில் தன் வரலாற்றில் அவரே விரிவாக எழுதிவைத்தார். பிறகு ஏட்டை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியபோது சைன சமயச் சொற்கள் வழிமறித்தன. சைவ நூல்களில் ஊறிய அவர் கும்பகோணத்திலேயே இருந்த சைனர் வீட்டைத் தேடிப் போய், அவர்களிடம் உட்கார்ந்து சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார். அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல்.

ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் கட்டுரையை இழுப்பறையில் வைத்துவிடுங்கள். உங்களுக்கு விளங்காத இடங்களை மட்டும் ஒரு தாளில் கேள்விகளாக எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதுங்கள். பஸ் ஏறிப் போய் அவரைப் பாருங்கள். எழுதித் தர வேண்டிய தேதி நெருங்கிவிட்டது என்றால் ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லி இரண்டு வாரம் கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்ட யாருக்கும் நான் மறுத்ததில்லை.